லிண்டாவைத் தேடிய கிழமை

இரண்டு கைகளையும் முழங்கையில் மடித்து, விரல்களை விரித்து, எதிலும் படாமல் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார் எல்ஸ்பெத் அம்மா. நான் கஞ்சிக் கரண்டியை வாய்க்கு அருகில் கொண்டு போனேன். நாக்கை முன்பல்லில் ஒட்டி இழுத்து, "த்ச்சா" என்றார். பிறகு என்னைத் தாண்டி, காலியாக இருந்த எதிர்க் கட்டிலைப் பார்த்துப் பதற்றமாகச் சொன்னார்.

"லிண்டா... லிண்டா..."

அந்த அறையில் லிண்டா என்று ஒருவரும் இல்லை.

சென்ற அத்தியாயத்தில், முதியோர் பராமரிப்புக்கான ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை நான் முட்டிமோதி முடித்த கதையைச் சொல்லியிருந்தேன். அதன் பிறகு டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. எல்ஸ்பெத் அம்மாவை நான் சந்தித்தது அங்கேதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு கோடையின் தொடக்கம். ஜன்னலுக்கு வெளியே லிண்டன் மரங்கள் பூத்து, அறை முழுக்கத் தேன் வாசம் வீசிக்கொண்டிருந்தது.

அவர் திருமணம் செய்யாதவர். இளவயதில் ஆப்பிரிக்காவுக்கு மிஷன் ஊழியத்துக்குப் போய், முடி நரைத்த பிறகு திரும்பி வந்தவர். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களிடம் வந்தபோது நல்ல ஜெர்மன் பேசினார். குளிரக் குளிரக் கோப்பி கேட்பார். நான் படுக்கை விரிப்பைச் சரியாக மடிக்காவிட்டால் தானே எழுந்து மடிப்பார்.

ஒரு காலை எழுந்தபோது அந்த ஜெர்மன் போயிருந்தது. மூளையில் சின்னதாக ஒரு அடைப்பு என்றார் டாக்டர். கைகால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுங்குவதிலும் குறையில்லை என்று பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துச் சொன்னார். ஆனால் வாயிலிருந்து வந்தது ஒருவருக்கும் விளங்காத ஓசைகள். நடுநடுவே போத்தல் மூடி திறக்கும்போது கேட்குமே, அப்படி ஒரு "டொக்".

அதோடு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்.

லிண்டா என்ற ஒருத்தி

எங்கள் பகுதிப் பொறுப்பாளர் பிர்கிட் நல்ல மனுஷி. லிண்டா என்பவர் வந்தால் அம்மா சாப்பிடுவார் என்று நம்பி, லிண்டாவைத் தேடத் தொடங்கினார். ஹம்பேர்க்கில் இருந்த எல்ஸ்பெத் அம்மாவின் அண்ணன் மகனுக்கு ஃபோன் போட்டார். அம்மாவுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் அவர்தான்.

"எங்கள் குடும்பத்தில் லிண்டா என்று ஒருவரும் இல்லையே" என்றார் அவர்.

"ஆப்பிரிக்காவில் தோழி யாராவது?"

"அத்தை அங்கே தெற்குப் பக்கம் எங்கோ இருந்தார். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நான் அப்போது சின்னப் பிள்ளை."

கீழ்மாடியில் லிண்டா என்று ஒரு உடற்பயிற்சியாளர் இருந்தார். அவரைக் கூட்டி வந்து கட்டில் அருகில் உட்கார வைத்தோம். அம்மா அந்தப் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிர்க் கட்டிலைப் பார்த்தபடியே "லிண்டா, லிண்டா" என்றார். பாவம், அந்தப் பெண் "நான்தான், நான்தான்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனாள்.

நானும் லிண்டாவை நம்பினேன். அந்த "டொக்" ஓசை ஒரு மொழியாக இருக்கலாமே என்று ஒருமுறை தோன்றியது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு எங்கே போவது, யாரிடம் கேட்பது?

அம்மா மெலிந்துகொண்டே போனார். வயிற்றில் சிறு துளை போட்டுக் குழாய் வழியாக உணவு செலுத்துவது என்று முடிவானது. மருத்துவமனையில் வியாழக்கிழமைக்கு டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், வாங்கினார்கள். ஜெர்மனியில் டெர்மின் கிடைத்தால் அது கல்லில் வெட்டின மாதிரி. அண்ணன் மகன் மனமில்லாமல்தான் சம்மதித்தார். "கையை இறக்கவே மாட்டேன் என்கிறார். குழாயைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது?" என்று டாக்டரே கவலைப்பட்டார். அப்படியானால் கைகளைக் கட்ட வேண்டி வரும். அந்த வார்த்தையை பிர்கிட் தணிந்த குரலில் சொன்னார்.

ஓம் சொன்ன கதை

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று.

நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதி முகாமில் முதல் விசாரணை. மொழிபெயர்ப்பாளர் வரப் பிந்திவிட்டது. எதிரே இருந்த அதிகாரி ஏதோ கேட்டார். விளங்கவில்லை என்றாலும் மரியாதைக்கு "ஓம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு ஆமாம் என்பதற்கு வேறு என்ன வரும்? இன்னொன்று கேட்டார். "ஓம், ஓம்" என்றேன். மனுஷன் பேனாவை மேசையில் வைத்தார். கைகளைக் கோத்துக்கொண்டு தலையைச் சற்றுக் குனிந்து அமைதியாக உட்கார்ந்துவிட்டார். நான் பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்!

அவர் நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார். நான் அவர் தொடங்குவதற்காகக் காத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் வந்து கதவைத் திறந்தபோது நாங்கள் இருவரும் தியானத்தில் இருந்தோம்.

அடுத்த அறைப் பாட்டு

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தமிழ்ச் சபை ஒரு ஜெர்மன் கோயிலைக் கடன் வாங்கி ஆராதனை நடத்தும். நான் மிஷன் பள்ளியில் படித்த தகப்பனுக்குப் பிறந்தவள்; வேதப்பாட்டு ரத்தத்தில் ஊறினது. அந்த ஞாயிறும் கணவரோடு போயிருந்தேன். ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை. வியாழக்கிழமையே கண்ணுக்குள் நின்றது.

ஆராதனை முடிந்து செருப்பை மாட்டும்போது பக்கத்து மண்டபத்திலிருந்து பாட்டுக் கேட்டது. ஜெர்மன் பெண்கள் யாருக்கோ பின்னால் வரி வரியாகப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாடிக் காட்டிய குரல் தடித்த, இளகிய குரல். ஒரு வரியின் நடுவில்...

டொக்.

கணவரின் கையைப் பிடித்தேன்.

"கேட்டீங்களே? இஞ்சேருங்கோ, கேட்டீங்களே?"

"என்னத்தை?"

"அந்த டொக்! எல்ஸ்பெத் அம்மா போடுற டொக்!"

"நீர் வேலையை வீட்டுக்கும் கொண்டு வாறீர், இப்ப கோயிலுக்கும் கொண்டு வாறீர்" என்றார். நான் நிற்கவில்லை. ஒரு செருப்போடு மண்டபத்துக்குள் ஓடினேன்.

நடுவில் பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒரு கறுப்பினப் பெண் நின்றார். நாற்பது வயதிருக்கும். பாட்டு நின்றது. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

"மன்னிக்க வேண்டும். இந்தச் சத்தம்... இது எந்த மொழி?"

"சூலு" என்றார் அவர். "ஏன், நான் தப்பாகப் பாடினேனா?"

அவர் பெயர் தாண்டேகா. தென்னாப்பிரிக்காவில் சூலு மக்களின் சபையொன்றில் போதகர். அந்தச் சபைக்கும் இந்த ஜெர்மன் சபைக்கும் பழைய உறவு. ஒரு வருடத்துக்கு இங்கே வந்து ஊர் ஊராகச் சபைகளைச் சந்தித்துக்கொண்டிருந்தார். "உங்கள் பாட்டன்மார் எங்களுக்குச் சொல்ல வந்தார்கள். இப்போது நாங்கள் வந்து காலி பெஞ்சுகளுக்குப் பாடுகிறோம்" என்று அங்கே இருந்த பெண்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு.

என்னைப் பார்த்து, "நீங்கள் தமிழா?" என்றார்.

டோர்ட்மண்டில் எத்தனை வருடம் இருந்துவிட்டேன். இந்தியாவா, ஹிந்தியா, பாகிஸ்தானா என்று கேட்டவர்கள்தான் எல்லாரும். "எப்படித் தெரியும்?" என்றேன்.

"டர்பனில் நான் இப்போது இருக்கிற தெருவில் பாதிப் பேர் தமிழர்தான். அவர்களின் பாட்டன்மார் கரும்பு வெட்ட வந்தவர்கள். அவர்கள் வீட்டு ரசம் எனக்கு நல்ல பழக்கம்."

நான் மூச்சு விடாமல் எல்ஸ்பெத் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். "லிண்டாவைக் கூப்பிடுகிறார், அந்த லிண்டா யாரென்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"சீசி," என்றார். சூலுவில் சகோதரி. "லிண்டா ஒரு ஆள் இல்லை. லிண்டா என்றால் பொறு."

தூக்கிய கைகள்

மறுநாள் தாண்டேகா வந்தார். டாக்டர் சந்தோஷமாக அனுமதி தந்தார். தானும் கேட்க வேண்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றார். பிர்கிட் கதவருகில்.

தாண்டேகா தலைப்பாகையைச் சரிசெய்து, கட்டிலுக்கு அருகே குனிந்து, வயதானவர்களுக்குச் சொல்லும் மரியாதையோடு ஒரு வணக்கம் சொன்னார். எல்ஸ்பெத் அம்மாவின் தலை சட்டென்று திரும்பியது. அத்தனை நாளும் மூடிக் கிடந்த முகம் திறந்துகொண்டது. பேசினார், பேசினார், அணை உடைந்த மாதிரிப் பேசினார்! தாண்டேகா இடையில் ஓரிரு சொல்தான் கேட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பதிலுக்குப் பதில் போகிறது என்பது விளங்கியது. பிர்கிட் என் தோளை நசுக்கிக்கொண்டு நின்றார்.

தாண்டேகா எழுந்து எங்களிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இவர் மருத்துவச்சியா?"

யாருக்கும் தெரியாது. பிர்கிட் உடனே ஹம்பேர்க்குக்கு ஃபோன் போட்டார். "ஓ, ஆமாம்" என்றார் அண்ணன் மகன், இதைக் கேட்கவே இல்லையே என்ற தொனியில். "மலைப் பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்த்தார்."

"இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்றார் தாண்டேகா. "அந்த எதிர்க் கட்டிலில் ஒரு பெண் வலியோடு கிடக்கிறாள். 'பொறு, இன்னும் முக்காதே. மூச்சை இழுத்து விடு. திடமாக இரு' என்று அவளுக்குச் சொல்கிறார். உங்களிடம், 'சாப்பாட்டை அப்பால் எடு, நான் கை கழுவிவிட்டேன்' என்கிறார்."

நாங்கள் எல்லாரும் அந்தத் தூக்கிய கைகளைப் பார்த்தோம். பயம் என்றோம், பிடிவாதம் என்றோம், இழுப்பு என்றோம். பிள்ளையை ஏந்துவதற்காகச் சுத்தமாக வைத்திருந்த கைகள் அவை.

"உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை. எங்கள் மலைக்கு வந்தவர் வேறொருவர்." தாண்டேகா கொஞ்சம் யோசித்தார். "மிஷனரிகளைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகவும் பேசுவார்கள். ஆஸ்பத்திரி கட்டினார்கள். எங்கள் மேளத்தைப் பிசாசு என்றும் சொன்னார்கள். கல்யாண வீட்டில் ஆடினதற்காக என் அப்பாவை மிஷன் பள்ளியில் அடித்தார்கள். அதே பள்ளியில் படித்துத்தான் நான் போதகர் ஆனேன். ஆனால் இவர் பேசுவது பிரசங்க மேடைச் சூலு இல்லை. என் அம்மா வயதுப் பெண்கள் அடுப்படியில் பேசுகிற சூலு. பெண்கள் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் இது வரும்."

அழாத பிள்ளை

"அப்படியானால் பிள்ளை பிறந்துவிட்டது என்று சொல்லுங்கள்!" என்றேன் நான்.

தாண்டேகா தயங்கினார். "நான் போதகர், சீசி. பொய் சொல்லலாமா?"

அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு தானே தலையாட்டினார். "இவர் கையில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் பிறந்துதானே இருக்கிறார்கள். அதில் என்ன பொய்?"

திரும்பிப் போய்ச் சொன்னார். எல்ஸ்பெத் அம்மா காதைச் சாய்த்தார். முகம் மலரவில்லை; சுருங்கியது. கேள்வியாக ஒரு சொல் கேட்டார். திரும்பவும் கேட்டார், இந்த முறை பயத்தோடு.

"இயகாலா?"

தாண்டேகா எங்களைப் பார்த்துத் திகைத்தார். "'அழுகிறதா?' என்று கேட்கிறார். 'எனக்கு அழுகை கேட்கவில்லையே, ஏன் அழவில்லை?' என்கிறார்."

பிள்ளை அழாவிட்டால் மருத்துவச்சிக்கு அது என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் முன்னே வந்து நாடியைப் பிடித்தார்.

எனக்கு அப்போதுதான் என் தங்கை சுதா ஞாபகம் வந்தாள். எங்கள் வீடு இருக்கிற கட்டிடத்திலேயே இரண்டு மாடி கீழே இருக்கிறாள். பிள்ளை ஜோயல் பிறந்து சில வாரம்தான். அவன் அழுகையால் அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் நித்திரை இல்லை.

கைத்தொலைபேசியை எடுத்தேன்.

"சுதா, பிள்ளையை ஒருக்கால் அழப் பண்ணு!"

"என்ன?"

"ஜோயலை அழப் பண்ணு. கெதியா!"

"அக்கா, உங்களுக்கு என்ன விசரே? இப்பதான் ஆட்டி ஆட்டி நித்திரையாக்கினனான். என்னாலை ஏலாது!"

"ஒரு உயிர் விஷயம், சுதா. பிறகு சொல்லுறன். எழுப்பு!"

ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டேன். எல்லாரும் அதைச் சுற்றி நின்றோம். சுதா முணுமுணுத்தபடி நடப்பது கேட்டது. "ஜோயல்... ராசா... எழும்புங்கோ..." அமைதி. "அக்கா, சிரிக்கிறான்."

"சிரிக்க வேண்டாம் எண்டு சொல்லு! உடுப்பைக் கழற்று!"

"கழற்றிப் போட்டன். இன்னும் சிரிக்கிறான்."

நாள் முழுக்க அழுகிற பிள்ளை. இன்றைக்குப் பார்த்துச் சிரிக்கிறான்! பிர்கிட் கைகளைக் கோத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவருக்குக் கோயில் பழக்கமே கிடையாது.

"ஈரத் துணியாலை முகத்தைத் துடை" என்றேன்.

தண்ணீர் விழும் சத்தம். ஒரு கணம். பிறகு வந்ததே ஒரு வீறல்! ஃபோன் என் கையில் அதிர்ந்தது. நான் அதை எல்ஸ்பெத் அம்மாவின் காதருகே நீட்டினேன். ஜோயல் நெஞ்சு வெடிக்கக் கத்தினான். பக்கத்து அறையில் இருந்த தாத்தா எட்டிப் பார்த்தார்.

எல்ஸ்பெத் அம்மா கண்ணை மூடினார். ஒரு பெரிய மூச்சு விட்டார். அந்த இரண்டு கைகளும் மெதுவாக, மெதுவாகக் கீழே இறங்கிப் போர்வையில் படிந்தன. ஏதோ கேட்டார்.

"ஆணா, பெண்ணா?" என்றார் தாண்டேகா, எங்களைப் பார்த்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

"ஆண்! ஆண்!" என்றோம் நாலு பேரும், தமிழிலும் ஜெர்மனிலும் சூலுவிலும்.

புட்டு

அதன் பிறகு எல்ஸ்பெத் அம்மா சில கட்டளைகள் போட்டார். தாயைக் கழுவ வேண்டும். அவளுக்கு முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும். பிறகு தனக்கும் தர வேண்டும் என்றார். பிர்கிட் "சாப்பாடு" என்ற சொல்லைக் கேட்டதும் வாசலுக்கே பாய்ந்துவிட்டார்.

"என்ன வேண்டுமாம்?"

"உபூத்து" என்றார் தாண்டேகா.

நான் திரும்பினேன். "என்ன, புட்டா?"

சோள மாவில் உதிரியாகக் கிண்டுகிற சாப்பாடாம். மேலே புளித்த பாலை ஊற்றிச் சாப்பிடுவார்களாம். எங்கள் வாயில் புட்டு, அவர்கள் வாயில் உபூத்து. இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டோ இல்லையோ எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதை ஆராயவும் நேரமில்லை. கணவருக்கு அன்று விடுமுறை. ஃபோன் போட்டேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு நீத்துப் பெட்டி புட்டு அவிச்சுக் கொண்டு ஓடி வாங்கோ."

"ஆருக்கு?"

"எல்ஸ்பெத் அம்மாவுக்கு."

"ஜெர்மன்காரி புட்டுச் சாப்பிடுவாவே?"

"ஓம், சாப்பிடுவா! தேங்காய்ப்பூவைக் குறைச்சுப் போடுங்கோ."

சூட்டோடு துணியில் கட்டிக்கொண்டு டிராமில் வந்தார். டிராம் முழுக்க அரிசிமா வாசம் வந்ததாம். எதிரே இருந்தவர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாராம். சமையலறையில் மோர் இருந்தது. நன்றாக ஊற்றிக் குழைத்து, கிண்ணத்தை அம்மாவின் கையில் கொடுத்தேன். வாங்கினார். தானே அள்ளிச் சாப்பிட்டார். இரண்டாவது கரண்டியில் நிறுத்தி, புருவத்தைத் தூக்கித் தாண்டேகாவிடம் ஏதோ முறையிட்டார்.

"சோளம் இல்லையே என்கிறார். பரவாயில்லையாம்."

கிண்ணம் காலியானது. டாக்டர் மேசையில் இருந்த ஃபோனை எடுத்து, வியாழக்கிழமை டெர்மினை ரத்துச் செய்தார். டாக்டர் தாமாகவே ஒரு டெர்மினை விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடுப்பு

தாண்டேகா செவ்வாய்க்கிழமை வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகுமுன் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் சொல்லித் தந்தார். சாப்பிடு, தண்ணீர், வலிக்கிறதா, நித்திரை கொள். இல்லத்தில் எல்லாரும் பழகினோம். பிர்கிட்டுக்கு மட்டும் அந்த "டொக்" கடைசி வரை வரவில்லை. நடைபாதையில் போகும்போதெல்லாம் பயிற்சி செய்வார், கோழி கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

எல்ஸ்பெத் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார். கன்னத்தில் சதை வைத்தது. ஜெர்மன் மட்டும் வரவில்லை. வந்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். வராது என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அடுத்த ஞாயிறு சுதா பிள்ளையோடு வந்தாள். "எவவுக்காக என்ரை பிள்ளையை அழ வைச்சனீங்கள் எண்டு நான் பாக்க வேணும்" என்றாள். வெளியே நல்ல வெயில். ஆனாலும் ஜெர்மன் காற்றை நம்பக் கூடாதென்று கம்பளித் தொப்பி, கம்பளிச் சட்டை, மேலே ஒரு போர்வை.

பிள்ளையை எல்ஸ்பெத் அம்மாவின் மடியில் வைத்தோம். அந்தக் கைகள் உடனே வேலையைத் தொடங்கின. கழுத்துக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. உச்சியைத் தடவினார். காலை மடக்கி நீட்டினார். பின்கழுத்தில் இரண்டு விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து சுதாவை முறைத்தார்.

"தாஸ் கிண்ட் இஸ்ட் ஃபீல் ட்ஸு வார்ம் அங்கெட்ஸோகன்."

பிள்ளைக்கு உடுப்பு மிகவும் கூடிப்போச்சு. சுத்தமான, முழுமையான, கண்டிப்பான ஜெர்மன் வாக்கியம்!

நான் "பிர்கிட்!" என்று கத்தினேன். நடைபாதையில் காலடிச் சத்தம் ஓடி வந்தது. சுதா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. இந்த அம்மாவுக்கு இத்தனை நாள் ஜெர்மன் இல்லை என்பதையே அவள் மறந்துவிட்டாள்.

"பாத்தீங்களே அக்கா? நான் அப்பவே சொன்னனான், நீங்கள்தானே தொப்பி போடச் சொன்னீங்கள்!"

எல்ஸ்பெத் அம்மா அதற்குள் தொப்பியைக் கழற்றி, பிடி என்பதுபோல் என் பக்கம் நீட்டிவிட்டு, சட்டையின் முதல் பொத்தானில் கை வைத்திருந்தார்.